சாக்பீஸ் கூடாரத்தில் எனக்கு ஓர் இடம்

என் பிள்ளை தொழிற்சாலையில் இரும்புத் தகட்டில் கோடு கிழித்து வெட்டுகிற வேலையில் இருந்தான். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. கட்டில் வாங்குவதென்றாலும் முதலில் தரையில் அதே அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவான். நாங்கள் அந்தக் கோட்டைச் சுற்றி நடந்து, இடித்துக்கொள்ளாமல் அடுப்படிக்குப் போக முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் கட்டில் வரும். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அவன் ஒரு கூடாரத்தை வரைந்தான்.

பள்ளி லீவில் பேரப்பிள்ளைகளைப் பேத்தமங்கலம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் ஓர் இரவு கூடாரத்தில் தங்குவதாகப் பேச்சு. எங்கள் ஊர்க் குழாயில் வருவது அந்த ஏரித் தண்ணீர்தான். இத்தனை வருஷம் குடித்திருக்கிறேனே தவிர, ஏரியைக் கண்ணால் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில் இறங்கினவர். ஷிப்டு முடிந்து வந்தால் வெந்நீர், சோறு, தூக்கம். ஊர் சுற்றுவதாவது! அதனால் கூடாரம் என்றதுமே எனக்குப் புதுப்புடவை கிடைத்தது மாதிரி ஆகிவிட்டது. ஒரு பையில் துணிகூட எடுத்து வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றாள் சம்பந்தி, என் மருமகளின் அம்மா.

அவர்களுக்குப் பங்காருபேட்டையில் மளிகைக் கடை. காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போவாள். பை நிறையப் பேரீச்சம்பழம், முந்திரி, மிட்டாய் இருக்கும். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்பார்கள். அவளைப் பிள்ளைகள் ‘பேட்டை ஆயா’ என்று கூப்பிடும். நான் வெறும் ஆயா. தினமும் தலை வாரி, சோறு ஊட்டி, மூக்கைத் துடைக்கிறவள் வெறும் ஆயாவாம். எப்போதோ வருகிறவளுக்கு ஊர்ப் பெயரோடு ஒரு பட்டமாம். அவள் புடவையில் ஏலக்காய் வாசனை வேறு அடிக்கும். என் புடவையில் மண்ணெண்ணெய் வாசனைதான் அடிக்கும். ஸ்டவ்வோடு மாரடிக்கிறவளுக்கு வேறென்ன வாசனை வரும்?

“எல்லாரும் கோட்டுக்குள்ள வந்து படுங்க. எடம் பத்துதான்னு பாக்கலாம்” என்றான் பிள்ளை.

அவன் ஓரத்தில் படுத்தான். மருமகள் படுத்தாள். பேரன் விழுந்து உருண்டான். சின்னப் பேத்தி நடுவில் உட்கார்ந்து பக்கத்துத் தரையைத் தட்டினாள்.

“பேட்டை ஆயா! இங்க வா, எம் பக்கத்துல!”

அடுத்த தடவை கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை அந்தம்மா. கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு படுத்தேவிட்டாள். நான் கோட்டுக்கு வெளியே நின்றேன்.

“இன்னா சம்மந்தி, நீங்க வரலியா?” என்று மல்லாந்தபடியே கேட்டாள்.

“எடம் எங்க கீது? நீங்கதான் நல்லா நீட்டிப் படுத்துகினீங்களே.”

“ஏன், எங்காலு கோட்ட தாண்டிப் பூடுச்சா?”

பிள்ளை தலையைச் சொறிந்தான். “ம்மா, இது அஞ்சு பேரு கூடாரம். அதுவும் எரவல். நீ அடுத்த தபா வா.”

“அடுத்த தபா நான் இருந்தா பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். கூடத்தில் பேட்டை ஆயா கதை சொல்ல, என் பேத்தி கிக்கிக்கென்று சிரித்தாள். அதே கதையை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! ஒரு தடவையாவது அப்படிச் சிரித்தாளா?

அப்போது அலமாரித் தட்டுகள் கடகடவென்று ஆடின. தரை ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பூமிக்கடியில் சுரங்கத்தில் எங்கேயாவது பாறை வெடித்தால் எங்கள் ஊரில் அப்படி வரும். நான் பால் பாத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“ஐயோ, பூகம்பம்! வெளிய ஓடுங்க!” என்று கொண்டை அவிழத் தெருவுக்கு ஓடினாள் சம்பந்தி. தெருவில் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா, “இன்னாம்மா, ரயிலுக்கு நேரமாச்சா?” என்று கேட்டாளாம்.

மருமகள் போய்க் கூட்டிவந்தாள். சம்பந்தி சுவரோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“கல்லு ஊடே இந்த ஆட்டம் ஆடுது. துணி ஊட்ல நான் படுக்கறதா? நான் வரல. சம்மந்தியே போவட்டும்.”

என் நெஞ்சுக்குள் சர்க்கரையைக் கொட்டினது மாதிரி இருந்தது. அதற்குள் பேட்டை ஆயா வரமாட்டாளே என்று பேத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். மூக்கு ஒழுக என்னிடம் வந்தாள்.

“ஆயா, ஏரியாண்டயும் ஆடுமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுரங்கக்காரர் பெண்டாட்டி என்பதால் இந்த விஷயத்தில் மட்டும் எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ‘ஆடும்’ என்று சொன்னால் போதும், சம்பந்தி வரவே மாட்டாள், ஏரி எனக்கு. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் குழந்தை முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு, நான் சொல்வதை அப்படியே நம்பத் தயாராக நிற்கிறது. கசப்பு மாத்திரையை விழுங்குகிற மாதிரி சொன்னேன்.

“ஆடாதுடி. அங்க அடியில சுரங்கம் எங்க கீது? பேட்டையில ஆடுதா? அதே மாதிரிதான்.”

பேத்தி என் புடவையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மண்ணெண்ணெய்ப் புடவையில்தான்!

சம்பந்தி என்னையே பார்த்தாள். “நெஜமாவா சம்மந்தி? அப்டீன்னா நீங்க எம் பக்கத்துல படுத்தாதான் வருவேன். ஆடுச்சுன்னா எனக்கு யாரு சொல்றது? மாப்ளே, நீங்க வெளிய படுத்துக்குங்க.”

“வெளியவா? பனியிலயா?” என்றான் பிள்ளை.

“கம்பளி எத்தினி வேணும்? கடையிலேர்ந்து எடுத்துகினு வரேன்.”

மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளை எழுந்து கோட்டுக்கு வெளியே போனான். நான் உள்ளே போனேன்.

அப்படியும் என்ன ஆயிற்று? பேத்தி, அவளுக்குப் பக்கத்தில் சம்பந்தி, அப்புறம் நான். சம்பந்தி என் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டாள். பேத்தியின் கால் சம்பந்தி வயிற்றின் மேல்! எனக்கு வயிறு இல்லையா?

“சம்மந்தி, ஓரத்துல நல்லா காத்து வரும். மாறிப் படுக்கலாமா?”

“வேணாம்மா. நடுவுலதான் எனக்கு தைரியம்.”

பிள்ளை சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தான். “எல்லாருக்கும் பத்துதா?”

“கொஞ்சம் நெருக்கந்தான்” என்றாள் சம்பந்தி.

நான் இன்னொரு கையைச் சம்பந்தி மேலாக நீட்டிப் பார்த்தேன். பேத்தியின் கால் கட்டைவிரல் எட்டியது. பிடித்துக்கொண்டேன்.

“எனக்குப் பத்துதுடா” என்றேன்.