பாலைவன எலியும் நெடுங்கால் உள்ளானும்

வருடத்தில் முக்கால்வாசி நாள் என் மேசை லாச்சியில் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு சால்வைத் துண்டு கிடக்கும். அதன் மறுபாதி குவைத்தில், நானாவின் தலையில் இருக்கிறது.

பறவைக் கணக்கெடுப்புக்கு நான் போன நாட்களில் எங்கள் வாகனத்தை ஓட்டியவர் நானா; அண்ணன் என்ற முறையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பதினொரு வருடம் குவைத் பாலைவனத்தில் லொறி ஓட்டிவிட்டு வந்தவர். கட்டி முடியாத வீட்டுக்காக மறுபடி போவதா, மனைவி பிள்ளைகளோடு இங்கேயே இருப்பதா என்று அப்போது அல்லாடிக்கொண்டிருந்தார். விசா சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு காலை, பாப்பாமோட்டைப் பக்கம் காய்ந்த உவர்நிலத்தில், நெடுங்கால் உள்ளான் ஒன்று எங்கள் முன்னால் சிறகை இழுத்து இழுத்து நொண்டியது. பாவம், அடிபட்டுவிட்டது என்று நானா வாகனத்தை நிறுத்தி, சால்வையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினார். அது நடிப்பு என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். அந்த மனுசன் கேட்டால்தானே! அவரை நூறு அடி ஓடவைத்துவிட்டு அது சுகமாகப் பறந்து போனது. திரும்பி வரும்போதுதான் கண்டார்: டிராக்டர் தடத்தின் நடுவில், வெறும் மண்ணில், நான்கு முட்டைகள். அவருடைய செருப்புத் தடத்துக்கும் முட்டைகளுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. நானா அப்படியே குந்திவிட்டார்.

பிறகு பாலைவனத்து எலியைப் பற்றிச் சொன்னார். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளப் பின்னங்கால்கள். நிமிர்ந்து நின்றால் இந்தப் பறவையின் சாயல்தானாம். லொறி கிட்ட வந்தால் ஒரே பாய்ச்சல், பிறகு ஆளையே காணக் கிடைக்காதாம்.

“ரெண்டுக்கும் நீளக் கால்தான் மிஸ். அது தன்ட உசிரைக் கொண்டு ஓடுது. இது குஞ்சுக்காகத் தன்ட உசிரைக் கொண்டுவந்து முன்னால போடுது. நான் அந்த எலி. என்ட மனிசிதான் இந்தப் பறவை.”

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த எலி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், தின்னும் இலையிலும் விதையிலும் உள்ள ஈரத்தைக் கொண்டே உயிர் வாழ்கிறது என்று படித்ததைச் சொன்னேன். வீட்டுக்காகவே வீட்டைப் பிரிந்து பதினொரு வருடம் காய்ந்தவரை வேறு எப்படிப் பாராட்டுவது? அவர் சால்வையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தடியில் கட்டி முட்டைகளுக்கு அருகே நட்டார். டிராக்டர்காரர்கள் அதைக் கண்டு விலகிப் போனார்கள். குஞ்சுகளும் பொரித்தன; அதன் பிறகு துண்டை நான் அவிழ்த்து எடுத்து வைத்தேன். அடுத்த மாதம் நானா குவைத்துக்குப் போய்விட்டார்.

இந்த வருடமும் அதே தடத்தில் முட்டைகள். துண்டை எடுத்துக்கொண்டு போகும்போது நானாவின் மனைவியையும் கூட்டிப் போனேன். நானா அன்று சொன்னதை இத்தனை நாளும் அவரிடம் மறைத்தே வைத்திருந்தேன். அங்கே, பறவை எங்கள் முன்னால் நொண்டத் தொடங்கியதும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 

“எலி ஓடுறதும் தன்ட வளைக்குத்தானே, மிஸ்” என்றார்.

பிறகு என் கையிலிருந்து துண்டை வாங்கி, காற்றுக்கு அவிழாதபடி தடியில் இரண்டு முடிச்சுப் போட்டார்.