வளையாத மூலக்கூறின் ஒளி

அந்தப் பச்சை ஒளி என் மூலக்கூறு தந்தது அல்ல. தெரிந்தே மறைத்தேன்!

நீங்கள் வேதியியல் படித்திராவிட்டாலும் பரவாயில்லை. அறுகோணப் பென்சீன் வளையங்களைத் தட்டையாகக் கோத்துக்கொண்டே போய், நடுவில் ஓர் ஐங்கோண வளையத்தை வைத்தால் மூலக்கூறு கிண்ணம்போல் வளையும். அந்தக் கிண்ணங்களை மெல்லிய படலமாக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒளி பெறுவதுதான் தருமபுரியில் எங்கள் ஆய்வகத்தின் கனவு. நான் வடிவமைத்த கிண்ணம் முதல் முயற்சியிலேயே விளக்குபோல் பச்சையாக எரிந்தது. கட்டுரை, முனைவர் பட்டம், அங்கேயே வேலை... எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒருநாள் அதே பொருளை மேலும் தூய்மையாக்கிப் பார்த்தேன். ஒளி இல்லை! கடைசிப் பிணைப்பு மூடாமல், வளையாமல் நின்றுவிட்ட அரைகுறை மூலக்கூறு கொஞ்சம் கலந்திருந்திருக்கிறது, எரிந்தது அதுதான். கட்டுரையைத் திரும்பப் பெற்றிருக்கலாம். வாய் திறக்கவில்லை. பயமா? பெருமையா? இரண்டும்தான்.

என் கிண்ணத்தை இன்னும் ஆழமாக வளைக்கும் ஆய்வுக்குச் சேர்ந்தவள் கவிதா. பென்னாகரத்திலிருந்து தினமும் பேருந்தில் வருவாள். அந்தப் படலத்தை வைத்து அவள் செய்த எந்த ஒளிச் சாதனமும் எரியவில்லை.

“ஏங்கண்ணா, உங்களுக்கு எரிஞ்சது எனக்கு மட்டும் ஏன் எரியமாட்டேங்குது?”

“சுத்தம் பத்தலம்மா. இன்னும் நல்லா சுத்தம் பண்ணு.”

சொன்னவன் நான்! தூய்மை கூடக்கூட ஒளி மறையும் என்பதை அறிந்திருந்த ஒரே ஆள்... ஆய்வகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை அது. யாருக்கும் சந்தேகம் வராது. பழியும் அவள் கையோடு நின்றுவிடும்.

அவள் நம்பினாள். கரைப்பான் பட்டு விரல்தோல் உரிய, மறுபடி மறுபடி தூய்மையாக்கினாள். ஆண்டுகள் ஓடின; உதவித்தொகை நின்றது. “இதுக்கு மேல வூட்ல விடமாட்டேங்கறாங்கண்ணா” என்று ஆய்வகச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

அண்மையில் அரூர் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாளாம். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்...

அதற்குள் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: “லேப் வேலைக்கு என் கை சரிப்படலீங்கண்ணா. நீங்களும் எவ்ளோ சொன்னீங்க... கடைசி வரைக்கும் அழுக்கு போகவே இல்ல.”

நானும் சிரித்தேன். தருமபுரிப் பேருந்து வந்தது, ஏறிக்கொண்டேன்.

அவள் பொருளில் அழுக்கே இருந்ததில்லை. இதை உங்களிடம் சொல்ல முடிகிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.