உள்ளே பரீட்சை, வெளியே நான்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மறதி வேறு. இதை எழுத உட்கார்ந்து நாலு நாள் ஆகிறது. ஒரு நாள் எழுதியதை மறுநாள் நானே அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நல்ல வெயில் காலத்தில், அபுதாபியில் மகன் வீட்டில் இருந்தபோது நடந்தது. மகனுக்கு முசஃபாவில் ஒரு கராஜில் வேலை. வீடு அங்கிருந்து கொஞ்ச தூரம். கீழே கடை, முதல் மாடியில் நாங்கள். இரண்டு ரூம். ஒன்றில் மகன், மருமகள், பேரன். இன்னொன்றை இரண்டு பிலிப்பைன்ஸ் நர்ஸ் பிள்ளைகளுக்கு விட்டிருந்தார்கள். நான் ஹாலில் படுத்துக்கொள்வேன்.

நான் கூச்ச சுபாவம். லிஃப்ட் வாசலில் யாராவது நின்றால் படியேறி வந்துவிடுவேன். கீழே கடை வைத்திருந்த பாய் நம் தொண்டிப் பக்கத்துக்காரர். அவரிடம்கூட வேண்டியதைக் கையால் காட்டித்தான் வாங்குவேன். அவரே, "அம்மாவுக்கு வாய் இருக்குல்ல?" என்று ஒரு தடவை மருமகளிடம் கேட்டாராம்.

அந்த நர்ஸ் பிள்ளைகளில் ஒருத்திக்கு எப்போதும் நைட் டூட்டி. அவள் நின்று நான் பார்த்ததைவிட, தூங்கிப் பார்த்ததுதான் அதிகம். இன்னொருத்திதான் என்னோடு ஒட்டிக்கொண்டாள். என்னை "நானாய்" என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அம்மா என்று அர்த்தம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. வா போகலாம் என்றால் யல்லா, முடிந்தது என்றால் கலாஸ், இல்லை என்றால் மாஃபி. இந்த மூன்று அரபி வார்த்தையிலேயே நாங்கள் குடும்பக் கதை முழுக்கப் பேசி முடித்தோம்.

அவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை, ஊரில் தங்கை வீட்டில் வளர்ந்தது. இங்கிலாந்துக்கு நர்ஸாகப் போனால் குழந்தையைக் கூட வைத்துக்கொள்ளலாம். அதற்கு அந்த நாட்டு நர்ஸ் கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். படித்த காலேஜ் கடிதம், கிளினிக் கடிதம், இன்னொரு பரீட்சை எல்லாம் முடித்துவிட்டாள். இங்கிலீஷில் பேசிக் காட்டுகிற பரீட்சை மட்டும் பாக்கி. அதில் இரண்டு தடவை கோட்டைவிட்டிருந்தாள். இந்தத் தடவையும் போனால் மற்ற பேப்பர்களின் தேதியும் முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். இதெல்லாம் மகன் எனக்கு விளக்கிச் சொன்னது.

அந்தப் பரீட்சையே ஒரு கூத்து. எதிரில் ஒருவர் நோயாளி மாதிரி பேசுவார். இவள் நர்ஸ் மாதிரி ஆறுதல் சொல்ல வேண்டும். நிஜ நர்ஸை நர்ஸாக நடிக்கச் சொன்னால் அவளுக்கு நடுக்கம் வராமல் என்ன செய்யும்? மனப்பாடம் செய்ததைக் கடகடவென்று ஒப்பிப்பாள்.

"நோயாளியைப் பேசவே விட மாட்டேங்குது இந்தப் பொண்ணு. அதான் மார்க் போயிடுது" என்றான் மகன்.

அதனால் தினமும் சாயங்காலம் நான்தான் நோயாளி. ஒரு நாள் எனக்குக் கால் முறிவு, ஒரு நாள் பிரசவம். நான் தமிழில் புலம்புவேன். அவள் என் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். ஒரு நாள் சிகரெட்டை விட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஆள். பேரனுடைய பென்சிலை வாயில் வைத்துக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கராஜிலிருந்து மகன் வந்து நின்றான்.

"அம்மா... என்னம்மா இது?"

"நான் ஆம்பளைடா இப்ப. போ அந்தாண்ட" என்றேன். என் மகனிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பரீட்சை நாள் வந்தது. சென்டருக்குப் போக வேண்டாம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம், மன்னிக்கவும், பேசலாம். ஆனால் ரூமில் வேறு ஆள் இருக்கக் கூடாது, யாரும் வரக் கூடாது. வந்தால் அத்தோடு போச்சு. நைட் டூட்டிக்காரி அவர்கள் ரூமில் தூங்கிக்கொண்டிருந்ததால், மகன் ரூமில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். மகனும் மருமகளும் டூட்டிக்கு, பேரன் பள்ளிக்கூடத்துக்கு. மதியம் மூன்று மணிக்குப் பரீட்சை.

"நானாய், மாஃபி சத்தம். ஓகே?" என்றாள். சத்தம் என்ற வார்த்தை நான் பேரனை அதட்டி அதட்டி அவளுக்குப் பழகியிருந்தது.

மாஃபி சத்தம் என்றால் மாஃபி சத்தம்தான். மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கினேன். சொட்டுகிற குழாய்க்கடியில் துணியைப் போட்டேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றினேன். அப்போதுதான் அந்த ரூம் பால்கனியிலிருந்து குர்ர், குர்ர் என்று கேட்டது. புறா! பரீட்சையில் நோயாளி பேசும்போது இது குனுகினால் என்ன ஆகும்? அவள் முகம் கழுவப் போன நேரத்தில் நான் நைசாக பால்கனிக்குப் போனேன். காயப்போட்ட கம்பளிக்குப் பின்னால், ஏசி பெட்டிக்கு அடியில் ஜோடியாக உட்கார்ந்திருந்தன. குனிந்து, கையை வீசி விரட்டினேன். ஒன்று போனது. இன்னொன்று என்னையே பார்த்தது. அதையும் விரட்டிவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடிக் கதவு இழுத்துச் சாத்தியிருந்தது. உள்ளே கொக்கி. திரை வேறு மூடியிருந்தது.

நான் ஹாலில் இருப்பதாக நினைத்து, தெருச் சத்தம் வரக் கூடாதென்று பூட்டியிருக்கிறாள்.

தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். உள்ளே ஒரு ஆம்பளைக் குரல் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. ஆரம்பித்துவிட்டார்கள். தூக்கிய கையை அப்படியே இறக்கிவிட்டேன்.

திடீரென்று திரை விலகுகிற சத்தம். ரூமைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள் என்று மகன் சொன்னது ஞாபகம் வந்தது. கம்பளிக்குப் பின்னால் போய் மூச்சை அடக்கி நின்றேன். திரை மறுபடி மூடிக்கொண்டது.

அந்த ஊர் மூன்று மணி வெயிலை எப்படிச் சொல்லுவது? அடுப்பு வாய்க்குள் தலையை விட்டது போல இருந்தது. போதாததற்கு ஏசி பெட்டி அனல் காற்றைச் சரியாக என் இடுப்புக்கு ஊதியது. ஏசித் தண்ணீர் சொட்டுகிற பக்கெட் ஒன்று நல்லவேளையாக இருந்தது. ஒரு துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் அது காய்ந்தது. மறுபடி நனைத்தேன்.

கண்ணாடி வழியாக அவள் குரல் லேசாகக் கேட்டது. "டோண்ட் வொர்ரி, ஐ ஆம் ஹியர் ஃபார் யூ." தினமும் என்னிடம் சொல்லிப் பழகியதுதான், கவலைப்படாதே, உனக்காக நான் இருக்கிறேன் என்று அர்த்தம். முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு அவ்வளவு அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஆறடி தள்ளி வெந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, கீழே கடை பாய் ஆரஞ்சுப் பெட்டியை வெளியே வைக்க வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா! இந்த வெயில்ல அங்க என்ன செய்றீங்க?"

நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"கதவப் பூட்டிட்டாங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஐயோ என்று இல்லை என்றும் ஆட்டினேன்.

"அட அல்லாவே! மருமவப் பொண்ணா பூட்டிடிச்சு? பாத்தா நல்ல பொண்ணாட்டம்ல இருக்கும்!"

தெருவே கேட்கிற குரல். எதிர்க் கடை சலூன்காரர் வந்து நின்றார். இரண்டு டிரைவர்கள் வந்து நின்றார்கள். நான் புத்தகம் படிப்பதுபோலக் காட்டினேன், கையெடுத்துக் கும்பிட்டேன். நான் வேண்டிக்கொள்வதாக நினைத்து, "பாவம், துவா கேக்குது அந்தம்மா" என்றார் பாய் அவர்களிடம். "பயப்படாதீங்க, நான் மேல வந்து பெல் அடிக்கிறேன்!"

பெல்! அந்த வீட்டு பெல் செத்தவரையும் எழுப்பும். நைட் டூட்டிக்காரி எழுந்து ஓடிவந்து அந்த ரூம் கதவைத் திறப்பாள். எல்லாம் போகும். பாய் மாடிப்படி வாசலில் கால் வைத்துவிட்டார். கத்தவும் முடியாது. என் கைக்குத் துணிக் கிளிப் அகப்பட்டது, எறிந்தேன். அவர் கவனிக்கவில்லை. அடுத்தது என் கால் செருப்புதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவருக்கு முன்னால்தான் விழ வேண்டும் என்று எறிந்தேன். அது அவர் மண்டையிலேயே விழுந்தது.

பாய் குனிந்து செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பத்து ஜென்மத்து வெட்கமும் எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் வந்தது. அவர் செருப்பை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனார். போலீசுக்குத்தான் போன் செய்கிறார், இனி மகன் வேலையும் போச்சு என்று நினைத்துப் பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே கை தட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். கையில் ஒரு பாட்டில் லபன். அங்கே மோரை அப்படித்தான் சொல்லி விற்பார்கள். கயிற்றை விடு என்று ஜாடை காட்டினார். துணிக்கொடியை அவிழ்த்து, பக்கெட்டைக் கட்டி இறக்கினேன். மேலே இழுத்துப் பார்த்தால், ஜில்லென்று லபன், அதற்குப் பக்கத்தில் தூசி தட்டித் துடைத்த என் செருப்பு.

குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம்தான் நேர் கீழே வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "இப்பச் சொல்லுங்க, என்னா விஷயம்?" என்றார்.

"பரீட்சை நடக்குது" என்று காற்றோடு காற்றாகச் சொன்னேன்.

"யாருக்கு, ஒங்களுக்கா?"

"நர்ஸ் பிள்ளைக்கு."

அவ்வளவுதான். பாய் மாடிப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினார். ஹார்ன் அடித்த டிரைவரைப் பார்த்து, "பாய் சாப், ஆவாஸ் மத் கரோ! எக்ஸாம் ஹே, எக்ஸாம்!" என்று கத்தினார். அன்றைக்கு அந்தத் தெருவில் கேட்ட பெரிய சத்தமே சத்தம் போடாதே என்று அவர் போட்ட சத்தம்தான்.

ஒரு வழியாகக் கதவு திறந்தது. தலையில் துண்டோடு பக்கெட் மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அந்தப் பிள்ளை போட்ட கூச்சலில் புறா எல்லாம் பறந்தது. என்னை இழுத்துப் போய்ப் படுக்கவைத்து, நாடி பிடித்து, காலைத் தூக்கி வைத்து, அழுதுகொண்டே விசிறினாள்.

சாயங்காலம் மகனிடம், பரீட்சைக்காரர்களுக்கு நடந்ததை எழுதிப்போடப் போகிறேன் என்றாள். நான் பதறிவிட்டேன். மகனும், "யாரும் பாக்கல, நீயா எதுக்குச் சொல்லி மாட்டிக்கிறே?" என்று கேட்டான். அவள் சொன்னதை அவன் எனக்குத் தமிழில் சொன்னான்: மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒளிக்காமல் உடனே சொல்ல வேண்டும், அதுதான் எங்களுக்கு முதல் பாடம், இதையும் அப்படித்தான் சொல்லுகிறேன்.

எழுதினாள். பத்துப் பன்னிரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குழந்தை அம்மாவிடம் போய்ச் சேருவதை ஒரு புறாவை விரட்டப் போய் நான் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது. மருமகளுக்கோ வேறு கஷ்டம். "அத்தையை நான் பூட்டலைங்க" என்று கட்டடத்தில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் பதில் வந்தது. பரீட்சையின் வீடியோ பதிவைப் போட்டுப் பார்த்தார்களாம். ரூமில் வேறு ஆள் இல்லை, பரீட்சை செல்லும், பாஸ். வெளியில் ஒரு ஆண் விடாமல் கத்திக்கொண்டிருந்தபோதும் நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டாள் என்றும் எழுதியிருந்ததாக மகன் படித்துச் சொன்னான். அவள் என்னை அலாக்காகத் தூக்கிவிட்டாள். நைட் டூட்டிக்காரிகூட எழுந்து வந்து கை தட்டினாள்.

அடுத்த வருஷமே இங்கிலாந்து போய்விட்டாள். குழந்தையும் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே மாதிரி குல்லாய் போட்டு நிற்கிற போட்டோ என் போனில் இருக்கிறது.

செருப்படி பட்ட மனுஷர், முதலில் தாகத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகுதான் காரணம் கேட்டார். அதிலிருந்து யாராவது என் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், இவர் எந்த வெயிலில் நிற்கிறாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

இதைப் போடுவதாக இருந்தால், அந்தப் பரீட்சை உண்மையில் எத்தனை நிமிஷம் என்று தெரிந்தவர் யாரிடமாவது கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். மகன் அரைமணி என்கிறான். எனக்கு அப்படித் தெரியவில்லை.