கம்பளிக்குள் இருந்த கதவுகள்

அந்தத் தெருவில் சின்னவர் என்றால் ஒருவர்தான். தலை முழுக்க நரைத்து, முன்பல்லில் ஒன்று போய், கண்ணாடி போடாமல் ஊசி கோர்க்க முடியாத வயதிலும் அவர் சின்னவர்தான். ஏனென்றால் அவருக்கு மேலே ஓர் அண்ணன் இருந்தார். மற்றவர்களுக்கு அண்ணன் என்பவர் ஓர் உறவுக்காரர். இவருக்கு அண்ணன் முழுநேர உத்தியோகம்.

பிழைப்புக்குச் சின்னவர் கார் சீட் தைத்தார். வீட்டின் முன்பக்கம் தையல் கடை, பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஷெட், கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் ஒற்றை அறையில் இவர். கல்யாணப் பேச்சு ஓரிரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பேச்சு வந்த சமயமெல்லாம் இவர் ஷெட்டில் காருக்கு அடியில் படுத்திருந்தார். கூப்பிட்ட குரலுக்குக் கால் மட்டும்தான் வெளியே தெரியும். கால்களைப் பார்த்து எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள் என்று அண்ணி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

அண்ணன் ஒரு தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பட்டறைக்காரர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை நூல் என்பார்கள். அதில் பாதி பிசகினாலும் இந்த மனிதர் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் 'அரைநூல்' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டார்.

ஷெட்டில் நின்ற அந்தக் கார் இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட், கூரை கிடையாது, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ஓடும். அதைச் செய்த சின்னக் கம்பெனி சில வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு மூடிக்கொண்டது. ஒரு வயதான டாக்டரின் வீட்டுக் கொல்லையில் சாக்குக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்ததை அரைநூல்தான் கண்டுபிடித்தார். அதன் ஜோடி இன்னொன்றைச் சகோதரர்கள் இருவரும் நேரில் பார்த்ததே இல்லை.

அதை ஓட வைக்க அவர்களுடைய நடுவயது முழுவதும் செலவாயிற்று. மில்லிமீட்டர் ஸ்பானர் ஒன்றும் அந்தப் போல்ட்டுகளில் உட்காராது, எல்லாம் அங்குலக் கணக்கு. கடல் தாண்டி வந்த முகப்பு விளக்குக்கூடு பிரித்துப் பார்த்தால் எதிர்ப்பக்கத்துடையதாக இருக்கும். என்ன செய்தாலும் என்ஜின் எண்ணெய் சொட்டும், அடியில் நிரந்தரமாக ஒரு தட்டு. சீட்டுக்குச் சிவப்புத் தோல் தைத்தது சின்னவர். மடிப்புக் கோடு நேராக இல்லையென்று அண்ணன் அதை மறுபடி மறுபடி பிரிக்கச் சொன்னார். இவரும் பிரித்தார். வெளியாருக்குத் தைத்தால் இப்படிப் பிரிக்க மாட்டார்.

எல்லாவற்றையும்விட அவர்களை வதைத்தது கதவுகள். ஒரு கோடைக்காலம் முழுக்க அதற்கே போயிற்று. கதவைச் சுற்றியிருக்கும் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக வரவேண்டும், ஒற்றை விரலால் தள்ளினால் தானே போய்ச் சாத்திக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒருநாள் அரைநூல் ஆள்காட்டி விரலை நீட்டித் தள்ளினார். 'டுப்' என்று ஒரு சத்தம். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பாடா, மூடிடுச்சா? இனிமே நீங்க ரெண்டு பேரும் வாயத் திறந்து பேசலாம்" என்றார்.

அரைநூலுக்கு ஒரு சட்டம் உண்டு. பழைய தகட்டில் புதிதாக ஓட்டை போடக் கூடாது, எதையும் பற்றவைக்கக் கூடாது. "கம்பெனி போட்ட ஓட்டை போதும். நாம ஒண்ணும் போட வேணாம்" என்பார். பழைய வண்டியில் புது என்ஜினும் பெரிய சக்கரமும் மாட்டுகிறவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மூக்கை வெட்டிவிட்டு மூக்குத்தி போடுகிற ஆட்கள் என்பார். கதவுகளுக்குக் கீழே ஓடும் அடித்தகடுகள் துருவேறிக்கொண்டிருப்பது தெரிந்தும், வெட்ட மனம் வராமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வெளியே வரும். ஓட்டுவது அண்ணன், இடது பக்கம் உட்காருவது தம்பி. சின்னவர் அதைத் தெருவில் ஓட்டியதே இல்லை, ஓட்டவா என்று கேட்டதும் இல்லை. காற்றில் தலைமுடி பறக்க, பக்கத்தில் அண்ணன் எதுவும் பேசாமல் கியர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு போவதுதான் அவர் கண்ட சுகம். அது போதும் என்று நினைத்தார். போதுமாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்த அரைநூல், பாதி முகத்தில் சோப்போடு அப்படியே சரிந்தார். உயிருக்கு ஆபத்து இல்லை, பேச்சும் தப்பியது. பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் போய்விட்டன. அந்த வண்டியில் கியர் மாற்ற வேண்டியது இடது கை, கிளட்ச் மிதிக்க வேண்டியது இடது கால். நோய்கூட ஆளை அளந்துதான் வந்திருக்கிறது என்று சின்னவருக்கு ஆத்திரமாக வந்தது. யார்மீது ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சிகிச்சை மையத்தில் அவரைச் சேர்த்து, கை கால் பயிற்சி கொடுத்தார்கள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஒருநாள் வெளியே நடைபாதையில் அண்ணி சின்னவரைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, உங்கண்ணன் எதையுமே கேக்க மாட்டேங்கிறாரு. சோறு வேணும், தண்ணி வேணும், எதுவும் இல்ல. வண்டிய மூடி வச்சீங்களான்னுகூட ஒரு வார்த்த கேக்கல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

வண்டியைப் பற்றிக் கேட்காத அண்ணனைச் சின்னவர் பார்த்ததில்லை. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. கியரே மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றை அதில் வைத்துவிட்டால்? வலது காலும் வலது கையும் போதுமே. அண்ணன் மறுபடி ஓட்டுவார், இவர் இடது பக்கம் உட்காருவார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் யோசனை முடிவாகிவிட்டது. அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

பழைய வண்டிகளை உடைத்துப் பிரிக்கிற இடத்தில் ஒரு பிற்கால வண்டியின் கியர்பாக்ஸ் கிடைத்தது. பழையதைவிட அது பெருத்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவே மேடாக ஓடும் தகட்டை வெட்டினால்தான் உட்காரும். வெட்டுவதற்கு அவர் ஒரு வெல்டிங்காரரை அழைத்து வந்தார். முதல் தீப்பொறி பறந்தபோது சின்னவர் வெளியே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திரும்பி வந்தபோது வெல்டிங்காரர் கையில் துருத்தூள். அடித்தகட்டைச் சும்மா அழுத்திப் பார்த்திருக்கிறார், விரல் உள்ளே போய்விட்டது.

"இது ரெண்டு பக்கமும் மாத்தியே ஆகணும் சார். இதோட ரோட்டுக்குப் போனா நடுவுல ரெண்டா மடிஞ்சிரும்."

"மாத்திடுங்க."

"மாத்தறதுக்கு முன்னால கதவு வாசல்ல குறுக்க ஒரு கம்பி பத்தவச்சிக்கிறேன். கூரை இல்லாத வண்டி பாருங்க, அடித்தகட்ட எடுத்துட்டா தாங்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. வேல முடிஞ்சதும் கம்பிய வெட்டி எடுத்துடலாம்."

"வாசல் தகட்டுலயா பத்தவைப்பீங்க?"

"வேற எங்க?"

சின்னவர் அந்த வாசல் தகட்டைப் பார்த்தார். அண்ணன் உப்புத்தாளால் நாள்கணக்கில் தேய்த்த தகடு. நடு மேட்டை வெட்டியாயிற்று, அது கம்பளத்துக்கு அடியில் மறைந்துவிடும். இந்த இடம் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அண்ணன் கண்ணில் படும். செய்த துரோகம் ஒன்று போதும் என்று தோன்றியது.

"அதுல கை வைக்க வேணாம். மரக்கட்டைய முட்டுக் கொடுத்து இறுக்கிடலாம். துணிய மடிச்சு வச்சு இறுக்கினா கீறலும் விழாது."

"கட்ட நழுவும் சார்."

"நான் இறுக்கறேன், நழுவாது."

சீட் தைக்கிறவர் சொல்வதை வெல்டிங்காரர் ஏன் கேட்டார் என்று யாரும் கேட்கலாம். வண்டிக்குச் சொந்தக்காரர் பேச்சுக்கு மேல் பேசி அவருக்கு என்ன ஆகப்போகிறது? தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். சின்னவர் கதவுகள் இரண்டையும் கழற்றி, ஒரு கீறல் விழக் கூடாதென்று, அண்ணியின் நல்ல கம்பளியில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோனார். கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். மனிதனுக்குப் போர்வை இல்லாவிட்டாலும் கதவுக்கு உண்டு என்று அண்ணி பிறகு சொன்னார். என்ன நடக்கப்போகிறதென்று அப்போது அவருக்கும் தெரியாது.

அடித்தகடுகள் ஏறின. கியர்பாக்ஸ் உட்கார்ந்தது. ஒரு மாலை சின்னவர் என்ஜினைக் கிளப்பி, கியர்க் குச்சியை ஒரு இழுப்பு இழுத்தார். கிளட்ச் மிதிக்காமல், இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஷெட்டுக்குள் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் போனார். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். சந்தோஷத்தில் அவர் அழுததை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சந்தோஷமாவது அவருக்குக் கிடைத்ததே.

மறுநாள் கதவுகளை இறக்கி மாட்டினார். வலது கதவைத் தள்ளினார். பின்பக்க மேல் முனை வாசல் தகட்டில் 'டக்' என்று இடித்து நின்றது. கீலைச் சரிசெய்து பார்த்தார், இடித்தது. இடது கதவும் இடித்தது. வாசலுக்குள் குனிந்து பார்த்தபோது, மரக்கட்டை இருந்த இடத்தில் மடித்த துணி தேய்த்துக்கொண்டு போன தடம் தெரிந்தது. கட்டை நழுவியிருக்கிறது. நழுவியபோது வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. தொய்ந்ததைத் தொய்ந்தபடியே வைத்துப் புது அடித்தகட்டைப் பற்றவைத்தாயிற்று. கதவுகள் இடத்தில் இருந்திருந்தால் அன்றே காட்டிக்கொடுத்திருக்கும். அவை மாடியில் கம்பளி போர்த்திக்கொண்டு இருந்தன.

அளந்து பார்த்தார். மூன்று நூல் பிசகு.

வெல்டிங்காரர் வந்து ஜாக்கியை நடுவில் கொடுத்துத் தூக்கினார். கதவு சாத்தியது. ஜாக்கியை இறக்கியதும் மறுபடி இடித்தது.

"திரும்ப வெட்ட முடியாதா?"

"வெட்டலாம் சார். வெட்டிட்டு எதுல பத்தவைக்கிறது? பழைய ஓரமெல்லாம் காகிதமா இருக்கு, போன தடவையே பிடிக்க மாட்டேன்னுச்சு. இதே வண்டி இன்னொண்ணு இருந்தா அதுலேருந்து எடுக்கலாம்." 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சின்னவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அரைநூலைச் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். சின்னவர் ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கடையில் உட்கார்ந்தால் ஊசி ஓடவில்லை. ஒரு சாயங்காலம் அண்ணி ஓட்டமாகக் கடைக்கு வந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு.

"தம்பி, அவரா வாயத் திறந்து கேட்டாரு. வண்டியப் பாக்கணுமாம். சட்ட மாத்திவிடச் சொல்றாரு. வாங்க, வாங்க."

சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லலாம், சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. நாளைக்கு என்று சொல்லலாம், நாளைக்கு என்ன மாறிவிடப் போகிறது? அந்தச் சிரிப்பை அணைக்கச் சின்னவருக்குத் தைரியம் இல்லை. எழுந்து போய் ஷெட் கதவைத் திறந்தார்.

அண்ணி நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அரைநூல் நடுவில் இருந்த புதுக் குச்சியைப் பார்த்தார். கிளட்ச் இல்லாத இடத்தைப் பார்த்தார். எதற்காக என்று அவருக்குப் புரிய நேரமாகவில்லை. தம்பியை நிமிர்ந்து பார்த்தார், கண் கலங்கியிருந்தது. பிறகு, பழக்கத்தில், வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் கதவைத் தள்ளினார்.

டக்.

இன்னொரு முறை தள்ளினார். டக்.

அவர் விரல் இடைவெளி ஓரமாக மேலிருந்து கீழே போயிற்று. வாசல் தகட்டைத் தடவியது. வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல், அவர் தேய்த்து விட்டபடியே இருந்தது.

"கம்பி பத்தவைக்கலையா?"

"இல்லண்ணே."

"ஏண்டா?"

"பழைய தகட்டுல பத்தவைக்கக் கூடாதுன்னு நீங்கதானே..."

அரைநூல் திட்டவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் சின்னவர் நின்றார். "அது எனக்குக் கை கால் இருந்தப்பச் சொன்னது" என்று மட்டும் சொன்னார். அண்ணி ஒன்றும் புரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகாமல் உதட்டில் நின்றுகொண்டிருந்தது.

"என்னய உள்ள உக்கார வைங்க" என்றார் அரைநூல்.

இருவரும் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சிவப்புச் சீட்டில் இறக்கினார்கள். செத்த காலை அண்ணி எடுத்து உள்ளே வைத்தார். அரைநூல் வலது கையை ஸ்டியரிங்கில் வைத்தார். உடம்பு கதவுப் பக்கமாகச் சரிந்தது. சின்னவர் சாத்த முடியாத கதவை வெளியிலிருந்து இரண்டு கையாலும் தள்ளி, இடுப்பால் முட்டுக் கொடுத்து, போன மட்டும் சாத்திப் பிடித்துக்கொண்டார். மேல் முனை இடித்துக்கொண்டு நின்றது, விரலளவு சந்து தெரிந்தது.

அரைநூல் முன்கண்ணாடி வழியாக ஷெட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுடா. கை வலிக்கப் போகுது."

"பரவால்லண்ணே."

"விடு. நான் என்ன ஓட்டிக்கிட்டா போகப் போறேன்?"

அண்ணி, இருட்டிவிடும் என்று சொல்லி விளக்கைப் போடப் போனார். சின்னவர் கதவை விடவில்லை.