ஒரு பேச்சுக்கு வேண்டாம்

ஜெர்மனிக்குப் போன புதிதில் மாடிவீட்டு அம்மாள் தேநீருக்குக் கூப்பிட்டார். ஆப்பிள் கேக்கைக் காட்டி, வேண்டுமா என்று கேட்டார். நல்ல பசி எனக்கு. ஆனாலும் வண்ணார்பேட்டையில் வளர்ந்த வாய், "வேண்டாம்" என்றது. எங்கள் ஊரில் கேட்டவுடன் தட்டை வாங்க மாட்டோம். கேட்டவர்களும் விட மாட்டார்கள், கெஞ்சிக் கொஞ்சித் தந்துவிடுவார்கள். இவரோ தலையாட்டிவிட்டு கேக்கை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் சொல்லை அவர் அப்படியே மதித்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. பசித்தால் பசிக்கிறது என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

போன லீவில் ஸ்ரீவைகுண்டத்து அத்தை வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே தேங்காய்ப்பால் சொதி மணத்தது.

"சாப்பிடுதியாட்டி?"

"போடுங்க அத்தை, பசிக்குது."

அத்தை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஏட்டி, ஒரு பேச்சுக்காவது வேண்டாம்னு சொல்லேன். உன்னைக் கெஞ்சிச் சோறு போட்டு எத்தனை வருசமாச்சு!"

"சரி, வேண்டாம் அத்தை."

"அது எப்பிடிட்டி? ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

வயிறு நிறைந்த பிறகும் நான் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் இன்னொரு தடவை கேட்கட்டும் என்று.