அரை டாக்டர் கொடுத்த மஞ்சள் மாத்திரை

தெருவில் அவருக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். எந்த டாக்டரின் கோழிக்கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். படித்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. "அவங்க அப்படித்தான் சொல்வாங்க, நீங்க இதைப் போடுங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டுவார். வலி போனவர்கள் வந்து மெச்சினால் உச்சி குளிர்ந்துவிடும்.

அவருடைய அக்காவின் கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், இதயம் பலவீனமாகி சிகிச்சையில் இருந்தார். ஒருநாள் அக்கா கடைக்கு வந்தாள்.

"உடம்புல சைட்டோகைன்னு ஏதோ கூடிப்போச்சாம்டா. உள்ளுக்குள்ள அழற்சியாம். அதனால இதயமே உருவம் மாறிக்கிட்டு வருதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

அழற்சி என்றதும் நம்மவருக்குக் கை பரபரத்தது. முட்டி வலிக்காரர்களுக்கு அன்றாடம் எடுத்துக் கொடுக்கும் மஞ்சள் மாத்திரை அழற்சிக்குத்தானே!

"மாமாவுக்கு முட்டி வலியும் இருக்குல்ல? ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லாதக்கா, கோவிச்சுக்குவாங்க" என்று நான்கு அட்டைகளைக் கொடுத்தனுப்பினார். அக்கா மற்ற மருந்துகளோடு சேர்த்தே கொடுத்துவந்ததால் மாமாவுக்கு விஷயம் தெரியாது.

முட்டி வலி போனது. பதினோராம் நாள் மாமாவின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மறுநாள் காலை வார்டில் டாக்டரம்மா மருந்துப் பையில் கிடந்த காலி அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "யார் குடுத்தது இதை?"

கட்டிலின் கால்மாட்டில் நின்ற அரை டாக்டர் சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் அக்கா, "நான்தாங்க. பக்கத்து வீட்டம்மா போட்டுக்கறதைப் பார்த்து நானே வாங்கிட்டேன்" என்றாள். தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லா அழற்சியும் ஒண்ணாம்மா? இதயம் தவிக்கும்போது உடம்பு அனுப்புற அவசரச் செய்தி அந்த சைட்டோகைன். அது ஓயாம வந்தா இதயச் சுவர் தழும்பேறி, தொளதொளன்னு விரிஞ்சுபோகும். இந்த மாத்திரை அதைத் தடுக்காது. உப்பையும் தண்ணியையும் கிட்னி வெளியேத்த விடாம உடம்புலயே தேக்கி வச்சிடும். தள்ளாடுற இதயம் அதையும் சேர்த்துச் சுமக்கணும். இப்ப இன்னும் விரிஞ்சிருக்கு. பழையபடி ஆகுமான்னு என்னால சொல்ல முடியல."

அக்கா தலைகுனிந்து திட்டு வாங்கிக்கொண்டாள். சின்ன வயதில் அவர் உடைத்த கண்ணாடிக்கும் அவள்தான் அடி வாங்கினாள். அப்போது அவருக்கு ஆறு வயது, இப்போது நாற்பத்தெட்டு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாமா மூச்சுக்கு நடுவே அரை டாக்டரின் பக்கம் கையைக் காட்டினார். "எங்க மாப்ள மருந்துக்கடையிலதான் இருக்கார் டாக்டர். இனிமே அவரைக் கேட்காம எதுவும் வாங்க மாட்டோம்."

"விஷயம் தெரிஞ்சவரை வீட்டுலயே வச்சுக்கிட்டா இப்படி? நீங்களாவது உங்க அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்க சார்."

அக்கா அப்போதுதான் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிங்க டாக்டர், சொல்றேன்" என்றார் அவர்.