ஆச்சிக்காக மினுக்கிய சர்வர்

போன வாரம் எங்கள் ஆபீசில் ஒரு தனிக்குடித்தனம் நடக்கவிருந்தது. மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை... இரண்டு சர்வர்கள்!

நான் கணக்கு பார்க்கும் கோட்டையூர் நூல் மில்லில் புதிதாக இரண்டு சர்வர் கம்ப்யூட்டர்களை ஜோடி சேர்த்து 'கிளஸ்டர்' போட்டிருக்கிறார்கள். ஒன்று வேலை பார்க்கும். அது படுத்துவிட்டால் இன்னொன்று அந்த வேலையை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதுவரை சும்மா இருக்கும்.

சும்மா இருப்பதை முதலாளி ஆச்சி பொறுப்பாரா?

"ஏன் தம்பி, இம்புட்டு வெல குடுத்து வாங்கிட்டு ஒண்ணைச் சும்மா உக்கார வச்சிருக்கீக? வேறு வச்சிருங்க. ஆளுக்குப் பாதி வேல" என்றார், சர்வர்களைக் கவனிக்கும் ஆரோக்கியராஜிடம்.

'வேறு வைப்பது' செட்டிநாட்டு வழக்கம். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு கொடுத்துவிடுவார்கள். மனிதர்களுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, தகவலைச் சேமிக்கும் ஒரே டிஸ்க். எந்த வேலை எதில் ஓட வேண்டும் என்ற செட்டிங்கை மாற்றும்போது கொஞ்சம் பிசகினால் போதும் — இரண்டும் ஒரே நேரத்தில் அதில் எழுதத் தொடங்கிவிடும். அப்புறம் ஆர்டர் விவரம் மொத்தமும் கந்தல்.

அதுவும் எந்த வாரத்தில்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடிக்கு லோடு கிளம்ப வேண்டும். லோடோடு போக வேண்டிய பேப்பர் பிரிண்ட் ஆகாவிட்டால் கப்பல் போய்விடும். கூடவே ஆரோக்கியராஜின் வேலையும் போய்விடும்.

"லோடு போகட்டும், அப்புறம் மாத்துறேன்னு ஆச்சிகிட்ட சொல்லேன்ப்பா" என்றேன்.

"நீங்க போய்ச் சொல்றீகளாண்ணே?"

நான் ஏன் சொல்லப் போகிறேன்?

ஆரோக்கியராஜ் செட்டிங்கைத் தொடவே இல்லை. சும்மா இருந்த சர்வரில் ஒரு பெரிய ஃபைலைத் திரும்பத் திரும்பக் காப்பி எடுக்க விட்டுவிட்டார். விளக்குகள் மாதா கோயில் திருவிழா சீரியல் பல்பு மாதிரி மினுக்கின. ஆச்சிக்குப் பரம திருப்தி.

"இப்பப் பாருங்க, என்னமா வேல பாக்குது!" என்றார் என்னிடம்.

வெள்ளிக்கிழமை மதியம்... முதல் சர்வர் புகைந்து படுத்தது. இரண்டாவது உடனே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கே எடுக்கிறது? அதுதான் பொய் வேலையில் மூச்சு முட்டிக் கிடக்கிறதே! வெளியே லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஆச்சி நிற்கிறார். ஆரோக்கியராஜுக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கே பாவமாக இருந்தது.

வேறு வழி? ஆச்சி பார்க்கப் பார்க்கக் காப்பியை நிறுத்தினார். மினுக்கல் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் கரகரவென்று ஓடத் தொடங்கியது. பேப்பர் லாரி ஏறியது.

"தம்பி, முந்தி அம்புட்டு மினுக்குச்சு. இப்ப வேல நடக்கையில அடங்கிக் கெடக்கே?"

பொய் சொல்ல ஆரோக்கியராஜுக்குத் தெம்பில்லை. "அப்ப மினுக்குனது உங்களுக்காக ஆச்சி. இப்ப ஓடுறதுதான் லோடுக்கு."

போச்சு, சீட்டுக் கிழிந்தது என்று நினைத்தேன். ஆச்சியோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, ஆபீசை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார்.

அதுவரை ஃபைலும் கையுமாக அங்கும் இங்கும் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்த நான்... சட்டென்று உட்கார்ந்துவிட்டேன்!